நாளைக்குப் பிள்ளைக்கு நோன்பு

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என்னைப் பற்றி அம்மா சொல்லுவா. நான் பிழைத்தது உண்மையிலேயே அந்த வாயால்தான். குளிர் நாடொன்றின் முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடம் தாதியாக நின்றுபிடித்ததும் அதனால்தான். எங்கள் தேவாலயத்து மருத்துவக் குழு இலங்கைக்குப் போகிறது, தமிழ் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்றதும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததும் அதனால்தான். குழுவில் மற்ற எல்லாருக்கும் கை நல்ல கை. எனக்கு வாய்.

"வெளிநாட்டு ஊழியம்" என்று அவர்கள் சொன்னார்கள். எனக்கு அது வெளிநாடும் இல்லை, சொந்த ஊரும் இல்லை. நான் யாழ்ப்பாணத்தாள். புத்தளம் பக்கம் அதுவரை பஸ்ஸில் கடந்து போனதோடு சரி. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, அந்த வெள்ளைக்காரரோடு சேர்ந்து நானும் விசா வரிசையில் நின்றேன். பிறந்த நாட்டுக்குள் நுழைய விசா! எனக்குக் கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது. இரண்டு கிழமை, பதினாலு நாளும் அது அடங்கவில்லை.

கற்பிட்டி வீதியில், மாம்புரி தாண்டி, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் மிஷன்காரர் நடத்துகிற சின்னச் சிறுவர் வைத்தியசாலை அது. பன்னிரண்டு கட்டில், ஒரு ஒப்பரேஷன் தியேட்டர், கேற்றடியில் எந்நேரமும் இரண்டு மூன்று கழுதைகள். வருடத்தில் இரண்டு கிழமை மட்டும் வெளியிலிருந்து சத்திரசிகிச்சைக் குழு வரும். பிளந்த உதடு, எரிந்து ஒட்டிப்போன விரல், கழுத்தோடு இழுபட்ட தாடை என்று பிள்ளைகள் வரிசையில் இருப்பார்கள். கொழும்புக்குப் போனால் காத்திருக்கவேண்டிய வரிசை எவ்வளவு நீளம் என்று அந்தத் தாய்மாருக்குத் தெரியும். அதனால் எங்களுடைய அந்த இரண்டு கிழமை அவர்களுக்குப் பெரிய விசயம்.

எங்கள் பெரிய டொக்டர் அறுபது கடந்த மனுசன். சிவந்த முகம், முன்கோபம், தங்கக் கை. மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் நெட்டையான ஒரு பெண். அவர் ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் கதைத்தால் அதிசயம். அவருடைய பங்கையும் சேர்த்து நான் கதைத்தேன். காலையில் தாய்மாரிடம் விபரம் கேட்பது, டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வது, பிறகு தியேட்டருக்குள் போய்ப் பிள்ளையின் காதடியில் குனிந்து, மயக்கம் வரும்வரை கதைத்துக்கொண்டே இருப்பது. இதுதான் என் வேலை. முதல் கிழமை முழுக்க ஒரு பிள்ளைகூட அந்த மயக்க மருந்து முகமூடிக்கு அழவில்லை. "நீ இல்லாமல் என்ன செய்திருப்போம்?" என்று பெரிய டொக்டரே ஒரு நாள் சொன்னார். எனக்குத் தலைக்கனம் ஏறியது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

அது நோன்பு மாதம். வருகிற தாய்மாரில் பாதிக்கு மேல் முஸ்லிம் பெண்கள். அவர்கள் கதைக்கிற தமிழ் எனக்கு முதல் இரண்டு நாள் புதிதாக இருந்தது. மூன்றாம் நாள் பிடிபட்டுவிட்டது. அதாவது, பிடிபட்டுவிட்டது என்று நான் நினைத்தேன்.

அந்தத் தாய் வந்தது கடைசிக் கிழமை புதன்கிழமை, பின்னேரம். வியாழன்தான் கடைசி ஒப்பரேஷன் நாள். வெள்ளி காலை நாங்கள் கொழும்புக்கு வெளிக்கிடவேண்டும். "செய்தி இண்டைக்குத்தான் கெடச்ச மிஸ்," என்று மூச்சு வாங்கினாள். மாம்புரியில் வெங்காயக் காணிகளில் கூலிக்குப் போகிறவள். முப்பது வயது இருக்கும். அவளுக்குப் பின்னால் ஏழு வயதுப் பெண்பிள்ளை, வலது கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றது. இரண்டு வருடத்துக்கு முன் கொதிக்கிற கஞ்சிப் பானை சரிந்து கையில் கொட்டியதாம். புண் ஆறும்போது நாலு விரலும் உள்ளங்கையோடு மடிந்து ஒட்டிவிட்டது. பெருவிரல் மட்டும் தனியாக நின்றது. குர்ஆன் ஓதப் போகிற இடத்தில் பிள்ளைகள் கொழுக்கட்டைக் கை என்று கூப்பிடுகிறார்களாம்.

பெரிய டொக்டர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டியல் நிரம்பிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. "தாய்க்கு என்ன வேண்டும் என்று கேள்," என்றார். எழுதவா, விளையாடவா, எந்த விரல் முக்கியம் என்று அறிய அவர் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது.

அவள் யோசிக்கவேயில்லை. "சோத்துக் கை மிஸ். மத்தக் கையால தின்ன ஏலுமா? ஆக்கள் முன்னால வெக்கத்துல தின்னாமலே எழும்பிடுறா. இன்னமும் நான்தான் ஊட்டுற. அவ தானா சோறு தின்ன வேணும். வேற ஒண்டும் வாணாம்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் வியாழக்கிழமைப் பட்டியலில் பிள்ளையை இரண்டாவதாக எழுதினார்.

மற்றப் பிள்ளைகள் எல்லாம் முதல்நாளே வாட்டுக் கட்டிலில் படுத்துவிடுவார்கள். சாப்பாட்டை மறிக்கிற வேலையை அங்குள்ள தாதிமார் பார்ப்பார்கள். அன்றைக்குக் கட்டில் இல்லை. வீடு பக்கத்தில்தானே, காலை ஆறரைக்கு வரட்டும் என்று முடிவாயிற்று. ஆக, சாப்பாட்டு விசயத்தைத் தாய்க்கு நான் சொல்லவேண்டும். தாளில் தெளிவாக இருந்தது: நள்ளிரவுக்குப் பிறகு உணவு இல்லை. எப்போதும் நான் மணிக்கூட்டைக் காட்டித்தான் சொல்லுவேன். ஆனால் அப்போது நோன்பு திறக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளைக் கூட்டி வந்த ஓட்டோக்காரன் கேற்றடியில் நின்று ஹோர்னை அடி அடியென்று அடித்தான். எனக்கும் காலையிலிருந்து கதைத்துக் கதைத்துத் தொண்டை கட்டியிருந்தது. அவளுக்கு ஒரே சொல்லில் விளங்கவைத்துவிடலாம் என்று எனக்கொரு கெட்டித்தனம் வந்தது.

"இஞ்ச பாருங்கோ தங்கச்சி, நாளைக்குப் பிள்ளைக்கு நோன்பு. சோறும் இல்லை, தண்ணியும் இல்லை. ஒண்டும் வாயில வைக்கக்கூடாது. விளங்குதோ?"

அவள் முகம் மலர்ந்தது. "அவ்வளவுதானே மிஸ்? இவ எனக்கும் நோம்பு புடிக்க வேணுமெண்டு நாலு நாளா அழுதுட்டு ஈக்கிறா. சின்னப் புள்ள, வாணாமெண்டு நான்தான் செல்லிட்டு இருந்த."

"பிறகென்ன! நாளைக்குப் பிடிக்கட்டும்."

பிள்ளை துள்ளிக்கொண்டு ஓட்டோவில் ஏறியது. நான் தாளில் சரி போட்டேன். இராச்சாப்பாட்டு மேசையில் மயக்க டொக்டர் கேட்டார்: "அந்தப் பிள்ளையின் தாய்க்கு நேரத்தைச் சொன்னீரா?" "அவர்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னேன்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

வியாழன் காலை வழமைபோல நாங்கள் வட்டமாக நின்று ஜெபம் செய்தோம். ஆறரைக்குத் தாயும் மகளும் வந்தார்கள். பிள்ளைக்குப் பெருநாளுக்குப் போல ரோசா நிறத்துப் புதுச்சட்டை.

"சாப்பிட்டவளோ?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். நோம்புதானே."

"தண்ணி?"

"எச்சிலக்கூட முழுங்காம துப்பித் துப்பி ஈக்கிறா," என்று தாய் சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டாவது சரியும் போட்டேன்.

ஒன்பதரைக்குப் பிள்ளையைத் தியேட்டருக்குள் கூட்டிக்கொண்டு போனேன். மேசையில் ஏற்றிப் படுக்கவைத்தோம். பெரிய டொக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். மயக்க டொக்டர் முகமூடியைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்குத் தலையசைத்தார். நான் குனிந்து என் வேலையைத் தொடங்கினேன்.

"முதல் நோன்பு பிடிச்ச கெட்டிக்காரி ஆர்?"

"நான்."

"வயிறு பசிக்குதோ?"

"இல்ல மிஸ். சஹருக்கு நல்லா தின்டதே."

"என்ன?"

"உம்மா எழுப்பி ஊட்டின. நாலரைக்கு. சோறு, சூடை மீன் ஆணம், தயிர், வாழைப்பழம். நோம்பு புடிச்சா பசிக்குமாம், இன்னும் தின்னு, இன்னும் தின்னு எண்டு…"

முகமூடி பிள்ளையின் மூக்குக்கு நாலு விரற்கடை தூரத்தில் இருந்தது. நான் என் கையை இடையில் நீட்டினேன். நீட்டவில்லை, அடித்தேன் என்று சொல்லவேண்டும். முகமூடி மயக்க டொக்டரின் கையிலிருந்து தெறித்துக் கீழே தொங்கியது.

"வேண்டாம்! சாப்பிட்டிருக்கிறாள்!"

மயக்கத்தில் கிடக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் பிள்ளை மேசையிலேயே போய்விடும். மருத்துவம் படித்தவர்களுக்கு இது அரிச்சுவடி. நோன்பு பிடிக்கிறவர்களுக்கு அரிச்சுவடி வேறு. விடியமுன் எழும்பி வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் நோன்பு தொடங்கும். அந்தச் சாப்பாடு சஹர். சஹர் இல்லாமல் எந்தத் தாய் ஏழு வயதுப் பிள்ளையை நோன்பு பிடிக்கவிடுவாள்? அந்தச் சொல் எனக்குத் தெரியாததும் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கி சஹருக்கு எழுப்புவதைக் கேட்டு, எரிச்சலோடு தலையணையால் காதை மூடிக்கொண்டு பத்து நாள் படுத்தவள் நான். நோன்பு என்று சொல்லிவிட்டால் இரவிலிருந்தே சாப்பிடமாட்டார்கள் என்று எப்படித்தான் நினைத்தேனோ, எனக்கே தெரியாது.

பெரிய டொக்டர் ஈரக் கையோடு வந்தார். "தாய்க்குச் சொல்லவில்லையா?"

"சொன்னேன்," என்றேன்.

பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. அந்த ஒரு சொல் என் வாயிலிருந்து வழுக்கி விழுந்தது. விழுந்ததை நான் எடுக்கவில்லை.

"அப்படியென்றால் அந்தப் பொம்பிளை கேட்கவில்லை. வா என்னோடு."

விறாந்தையில் கிடந்த நீள வாங்குப் பலகையில் தாய் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இருந்தாள். மகள் புதுச்சட்டையோடு திரும்பி வருவதைக் கண்டதும் துள்ளி எழும்பினாள். டொக்டர் அவள் முன்னால் நின்று சத்தம் போட்டார். ஒரு சின்ன விசயத்தைக்கூடச் செய்ய முடியாதா, இன்னும் அரை நிமிசத்தில் உன் பிள்ளையை நீயே கொன்றிருப்பாய், இப்போது ஒப்பரேஷன் இல்லை என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சொல்லு என்ற பார்வை.

என்னுடைய பிழைக்கு இன்னொருத்தி வாங்குகிற ஏச்சை நானே மொழிபெயர்க்கவேண்டும். அட கடவுளே, எதிரிக்குக்கூட அந்த வேலை வரக்கூடாது.

"தங்கச்சி," என்றேன், "விடியப்புறம் பிள்ளைக்குச் சாப்பாடு குடுத்தது பிழையாம். மயக்க மருந்து குடுக்க ஏலாதாம். இப்ப செய்ய ஏலாதாம்."

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்கதானே மிஸ் நோம்பு எண்டு…" என்று தொடங்கினாள். தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். என் முகத்தில் என்னத்தைக் கண்டாளோ தெரியாது. டொக்டரைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு டொக்டருக்கு முன்னால் குனிந்தாள்.

"சொரி டொக்டர்," என்றாள். "சொரி. சொரி."

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. டொக்டரின் முகம் கொஞ்சம் இளகியது. உள்ளே போய்விட்டார். நானும் பின்னால் போனேன். அடுத்த பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். அதன் காதடியில் என் வாய் தன்பாட்டில் கதைத்தது. ஆனை வந்தது, முயல் வந்தது என்று என்னவோ சொன்னேன். மனமெல்லாம் விறாந்தை வாங்கில் இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது.

பதினொன்றரைக்குத் தேநீர் குடிக்க உட்கார்ந்தபோதுதான் என்னால் தாங்கமுடியவில்லை. பெரிய டொக்டரிடம் போனேன்.

"அந்தப் பிள்ளையை இன்றைக்கே எப்படியாவது…" என்று தொடங்கினேன்.

"போட்டாயிற்று," என்றார் அவர். "மூன்று மணிக்கு, கடைசியாக. நாலரைக்குச் சாப்பிட்டது பன்னிரண்டரைக்கே செரித்துவிடும் என்று இவர் கணக்குச் சொன்னார்." மயக்க டொக்டர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "தாய் மன்னிப்பும் கேட்டுவிட்டாள். பாவம், படிப்பறிவில்லாத பொம்பிளை. விடு."

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது, எவருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்தப் "படிப்பறிவில்லாத" என்ற சொல் என் தொண்டையில் முள்ளாக நின்றது.

"அவள் பிழை விடவில்லை," என்றேன். "நேரத்தை நான் சொல்லவேயில்லை. நாளைக்கு நோன்பு என்று மட்டும்தான் சொன்னேன். அவர்களுடைய நோன்பு விடியமுன் சாப்பாட்டோடுதான் தொடங்கும். நான் சொன்னதை அவள் அப்படியே செய்திருக்கிறாள்."

டொக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். நான் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இரண்டு மணித்தியாலமாக இதை வைத்துக்கொண்டா என் பக்கத்தில் நின்றாய்?"

"ஓம்."

"பிழை விட்டவளை நான் தியேட்டருக்குள் வைத்திருப்பேன். நானும் விட்டிருக்கிறேன். மறைக்கிறவளை வைத்திருக்கமாட்டேன். இன்றைக்கு நீ உள்ளே வரவேண்டாம்."

"பிள்ளையோடு கதைக்க ஆள்?"

"கந்தோரில் ஒருவர் இருக்கிறார்தானே."

கந்தோரில் கணக்கு எழுத இருந்தவர் சிலாபத்துப் பக்கத்துச் சிங்கள மனுசன். நல்லவர். அவருடைய தமிழ் மீன் வாங்கப் போதும். பயந்துபோன பிள்ளையின் காதடியில் கதைக்கப் போதாது. வாட்டிலிருந்த தாதிமார் இரண்டு பேரையும் அசைக்க ஏலாது, காலையில் வெட்டிய பிள்ளைகள் அங்கே கிடந்தார்கள். இதெல்லாம் டொக்டருக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்னது சொன்னதுதான்.

விறாந்தைக்குப் போனேன். தாயின் பக்கத்தில் இருந்துகொண்டு, மூன்று மணிக்குப் பிள்ளையை எடுக்கிறார்கள் என்று முதலில் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்," என்று கண்ணைத் துடைத்தாள். பிறகு மற்றதையும் சொன்னேன். பிழை என்னுடையது என்று டொக்டரிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். உள்ளதைச் சொல்லுகிறேன், எதிர்பார்த்தேன்.

"அப்ப உள்ளுக்கு எண்ட புள்ளயோட ஆரு நிக்கிற?" என்று கேட்டாள்.

"கந்தோர் ஐயா."

அவள் கண் சிவந்தது. "என்னத்துக்கு மிஸ் சென்னீங்க? நான் கேட்டனா? ஆருட பிழையெண்டு எனக்குத் தெரியாமலா அவர்ட முன்னால சொரி சென்ன? நான் கெட்டவளா இருந்திட்டுப் போறன். உங்கட பிழையெண்டு சென்னா உங்கள வெளிய போட்டுடுவாங்க, எண்ட புள்ளக்கு அங்க கதைக்க ஆளில்லாமப் போயிடுமெண்டு நெனச்சித்தானே வாய மூடின? எல்லாத்தயும் போய் செல்லிட்டு வந்து ஈக்கிறீங்க. உங்கட மனச நீங்க கழுவிக்கிற எண்ட புள்ளய வெச்சா?"

வாய்க்காரி என்று பெயரெடுத்தவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. வெங்காயக் காணியில் குனிந்து நிமிர்கிற பெண் அரை நிமிசத்தில் எல்லாத்தையும் யோசித்து முடித்திருக்கிறாள். நான் இரண்டு மணித்தியாலம் யோசித்தது முழுக்க என்னைப் பற்றி. அவள் சொன்னது முழுக்கச் சரி என்று இன்றும் எனக்குச் சொல்லமுடியவில்லை. பிழை என்றும் சொல்லமுடியவில்லை. உண்மையைச் சொன்னது நல்லதுதான். சொல்லவேண்டிய நேரம் ஒன்பதரை மணி.

பன்னிரண்டு மணிபோல மயக்க டொக்டர் சீனித் தண்ணீர் ஒரு கோப்பை அனுப்பினார். பிள்ளை ஒரு மணிவரை அதைக் குடிக்கலாம். பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டது. நோன்பு முறிந்துவிடுமாம். "சுகமில்லாத ஆக்களுக்கு விடலாம், அல்லா கோவிக்கமாட்டான்," என்று தாய் கெஞ்சினாள். "நான் சுகமில்லாத ஆளில்ல, கைதான் சுகமில்ல," என்று அது சொன்னது. வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அழுது அழுது ஒரு மிடறு குடித்தது. மிச்சத்தைத் தாய் நிலத்தில் வைத்தாள். அவளும் நோன்பு. வெயில் விறாந்தைவரை ஏறி வந்துவிட்டது. அவளுடைய உதடு வெடித்திருந்தது.

மூன்று மணிக்குக் கந்தோர் ஐயா பச்சை உடுப்பில் வந்து பிள்ளையின் இடது கையைப் பிடித்தார். "வா மகள், பயம் எடுக்க வேணாம்," என்றார். பிள்ளை நடந்தது. தியேட்டர் கதவடியில் நின்று திரும்பி என்னைப் பார்த்தது. "மிஸ் வரல்லியா?" என்று கேட்டது. நான் தலையை ஆட்டினேன், என்ன மாதிரி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. கதவு மூடியது.

ஐந்து நிமிசம் ஆகியிருக்காது. உள்ளே சத்தம் கேட்டது. முதலில் அழுகை, பிறகு கத்தல், ஏதோ இரும்புத் தட்டு விழுந்த ஓசை. "வாணாம்! வாணாம்! உம்மா!" அந்தப் பிள்ளை காலையில் முகமூடிக்கு முன்னால் சிரித்துக்கொண்டு கிடந்த பிள்ளை. நான் எழும்பினேன், இருந்தேன், திரும்ப எழும்பினேன். இப்படியே கத்தினால் மயக்கம் கொடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் இன்றைக்கு இல்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் வருகிற வருடம், அதுவும் குழு வந்தால்.

கதவு திறந்தது. பெரிய டொக்டர் முகக்கவசத்தைக் கீழே இழுத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தார். அவருடைய கண் என் மேல் விழுந்தது. கூப்பிடப்போகிறார் என்று நினைத்து நான் ஒரு அடி வைத்தேன்.

எனக்கு முன்னால் தாய் போய்விட்டாள். ஒருவரையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, டொக்டரின் கைக்குக் கீழால் குனிந்து உள்ளே போனாள். டொக்டர் ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு ஒரு பச்சை அங்கியை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினார். கதவு மூடியது.

உள்ளே கத்தல் விம்மலாகியது. பிறகு தாயின் குரல் மட்டும் கேட்டது. ஓதுகிறாளா, பாடுகிறாளா, சும்மா கதைக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு அதுவும் நின்றது.

அவள் வெளியே வந்தபோது அங்கியை உருவி மடித்து என் கையில் தந்தாள். "படுத்துட்டா," என்றாள். வாங்கின் மறுமுனையில் போய் இருந்தாள். எங்களுக்கு நடுவில் இரண்டு ஆள் இருக்கக்கூடிய இடம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே இருந்தோம். நான் ஜெபம் செய்யப் பார்த்தேன். யேசுவே என்று தொடங்கினால் அதற்கு மேல் வரவில்லை. அந்த வாயால் அன்றைக்கு இன்னும் ஒன்றைக் கேட்க வெட்கமாக இருந்தது. அவளுடைய உதடு மட்டும் அசைந்துகொண்டேயிருந்தது. ஒரு தரம் தியேட்டருக்குள்ளிருந்து எங்கள் வெள்ளைக்காரத் தாதி ஒருத்தி ஓடிவந்து எதையோ எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினாள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக எழும்பி, ஒன்றாக இருந்தோம். அப்போதும் அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பெரிய டொக்டர் வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. கந்தோர் ஐயா அவரோடு வரவில்லை. டொக்டர் என்னைப் பார்த்தார். சொல்லத்தான் போகிறார், நான் மொழிபெயர்க்கத்தான் போகிறேன் என்று வாயை ஈரமாக்கிக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய்த் தாய்க்கு முன்னால் முழங்காலில் குந்தினார். தன்னுடைய வலது கையைக் கொழுக்கட்டைபோலப் பொத்திக் காட்டினார். பிறகு ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினார். ஒன்று. இரண்டு. மூன்று. சின்ன விரலைப் பாதியில் நிறுத்தி, இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு அந்த விரல்களை, கையால் சோறு தின்னத் தெரியாத வெள்ளைக்காரன், ஒன்றாகக் கூட்டித் தன் வாய்க்குக் கொண்டுபோனார்.

தாய் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். டொக்டர் அவள் அழுது முடியும்வரை அப்படியே குந்தியிருந்தார். பிறகு எழும்பி உள்ளே போனார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அங்கியைத் தந்ததற்குப் பிறகு முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள்.

"மூணு விரலும் நல்லா விரிஞ்சிட்டாம் மிஸ்," என்றாள், ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்கவேண்டும் என்று நிதானமாக. "சின்ன விரல் கொஞ்சம் மடங்கித்தான் ஈக்குமாம். சோறு தின்ன ஏலுமாம்."

"ஓம் தங்கச்சி," என்றேன்.